பத்தாவது வெட்டு

1

இந்தக் கதை என் கணக்குப் பிழையிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு துணிச்சல் இருக்காது. ஜப்பானியம் கற்பிக்கும் மாலை வகுப்பு நோட்டில், பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வருடம் 2603. (1943தான். ஜப்பான் ஆண்டுக் கணக்கில் எழுத வகுப்பில் பழக்கிவிட்டார்கள்.)

2

'புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் பாப்பம்மா என்றொரு பேதைப் பெண்...'

அடித்துவிட்டேன். பாப்பம்மா அக்கா பேதையில்லை. நான்கு பிள்ளைகள் போதும் என்று அவளும் புருஷன் இருளப்பனும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். தூரமான நாளிலிருந்து இருபது நாள் விலகியிருக்கச் சொன்னார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர். "இருபது நாளா!" என்று இருளப்பன் அண்ணன் முனகியது பக்கத்து வீடுவரை கேட்டதாம்.

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் நாள்காட்டி இல்லை. நான்தான் பெருமையாக வழி சொன்னேன். ரப்பர் பால்வெட்ட அவளுக்கு இரண்டு நிரை மரங்கள். ஒவ்வொன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவாள். தூரமானதும் ஒரு நிரையின் முதல் மரத்தில் கீறல் போட வேண்டும். அதன்பின் பத்து வெட்டு விழுந்தால் இருபது நாள்.

ஒன்றரை வருடம் கணக்குத் தவறவில்லை.

3

மரவள்ளி நடுவதற்காக ஒரு நிரையை அழித்தார்கள். மிஞ்சியதைத் தினமும் வெட்டினாள். பத்து வெட்டு, பத்தே நாளில்.

(வாசகர் நம்புவாரா? தினமும் வெட்டுகிறவளுக்குத் தெரியாதா? அவளையே கேட்டேன்.)

"பசியில நாளு எங்க தங்கச்சி தெரியுது? மரந்தான் தெரியுது. நீ கணக்குப் புலியாச்சே, உனக்குத் தெரிஞ்சிச்சா?"

நிரை அழிந்த தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. பக்கத்தில் வேறொன்றும் எழுதத் தோன்றியிருக்கவில்லை.

4

அக்காவுக்கு இப்போது மூன்று மாதக் கர்ப்பம். இருளப்பன் அண்ணனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா கருவைக் கலைக்க மருத்துவச்சியின் மருந்தைக் குடிக்கிறாள். மற்றதில் ஐந்தாவது பிள்ளை பிறந்து,

[அந்த மருந்தைக் குடித்த எங்கள் லயத்து அழகம்மாவை மாசியில் புதைத்தோம். இந்த வாக்கியத்தை எங்கே வைப்பது?]

அக்காவிடம் படித்துக் காட்டினேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என் வயித்துக்கு நீ முடிவு எழுதாத லா. அத நான் பாத்துக்குவேன். உன் கணக்க எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தேன் தெரியுமா?"

"எத்தன பேருக்கு, அக்கா?"

"காளியம்மா, பிச்சையம்மா, மேல்லயத்துல ஒம்போது பேரு. அவுங்க நிரையும் போச்சு. நோட்ட எடு, வா."

5

வாசல் வாசலாக வாசிக்கிறோம். மூன்றாம் பகுதி முடிந்ததும் அக்கா கையமர்த்துவாள். "வெட்ட எண்ணாதீங்க. தினம் படுக்கும்போது கயித்துல ஒரு முடிச்சு."

அக்கா என்ன செய்யப்போகிறாள் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். முடிவுகள் எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் நீங்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு இன்னும் இரண்டு நிரை இருக்கிறதா?