நானும் இறங்க வேண்டும்

கப்பலின் உபசரிப்பு மேலாளர் என் மடியில் வந்து உட்கார்ந்ததற்கு அவர் காரணமில்லை. நான்தான் காரணம்.

வரவேற்பு விருந்து நடந்துகொண்டிருந்தது. சின்னக் கப்பல். பயணிகள் மொத்தமும் ஒரு பேருந்தில் அடங்கிவிடக்கூடிய கூட்டம். மேலாளர் மைக்கைப் பிடித்தபடி மேஜைகளுக்கு நடுவே நடந்து நடந்து, கப்பலில் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேஜையிலிருந்த பல் டாக்டர் பக்கம் திரும்பி ஒரு ஜோக்கை ஆரம்பித்தேன். கப்பல் துறைமுகத்தைத் தாண்டி முதல் அலையைத் தொட்டது. தரை லேசாகச் சாய்ந்தது. என் சக்கர நாற்காலி மெல்ல முன்னால் நகர்ந்தது. ஜோக்கை முடித்துவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

பிரேக் போடவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். "வண்டி நின்னா முதல்ல ஹேண்ட்பிரேக்கு!" என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப்போன ஆள்.

நாற்காலி போய் மேலாளரின் முழங்காலுக்குப் பின்பக்கம் தட்டியது. "பாதுகாப்பு என்பது நம் ஒவ்வொருவருடைய..." என்ற இடத்தில் அவர் அப்படியே மடங்கி என் மடியில் அமர்ந்தார். இருவருமாகச் சேர்ந்து கேக் மேஜையை நோக்கிப் போனோம். கப்பல் வடிவத்தில் செய்திருந்த கேக். மைக் அவர் கையிலேயே இருந்ததால் "ஐயோ" என்று அவர் சொன்னது எல்லாத் தளத்துக்கும் கேட்டது.

என் மனைவி நிதானமாக எழுந்து வந்தாள். என் காதிலிருந்த கிரீமைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கித் தர்ற மூஞ்சியைப் பாரு," என்றாள்.

என் நாற்காலியைப் பார்க்கிறவர்கள் பாதிப் பேர், யாரோ ஒரு மாணவன் என்னைச் சுவரோடு சேர்த்து இடித்துவிட்டான் என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். என் மாணவர்கள் இடித்த சுவர்கள் உண்டு. என்னை இடித்தவர் யாருமில்லை. முதுகுத்தண்டில் ஒரு கட்டி வளர்ந்தது. அதை எடுத்தார்கள், கால்களும் கூடவே போய்விட்டன. இப்போது கையால் இயக்கும் வண்டியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன். முன்பைவிட அதிகம் கத்துகிறேன் என்று கேள்வி.

இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தீவுல எல்லாம் நானும் இறங்க முடியுமா?" தொலைபேசியில் மேலாளர்தான் பேசினார். "கண்டிப்பா சார்," என்றார். அந்த மனிதருக்கு என் மனதில் அன்றைக்கே அதுதான் பெயராகிவிட்டது. கண்டிப்பா.

கப்பலைக் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் இருந்தது. கதவுகள் அகலம். எங்கள் அறையின் குளியலறையில் ரிவர்ஸ் பார்க்கிங் சொல்லிக் கொடுக்கலாம், அவ்வளவு இடம். ஏறுவதற்குச் சாய்தளமும் இருந்தது. ஆனால் அது துறைமுகத்தில் இருந்தது. தீவுகளில் துறைமுகமில்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கும். அங்கிருந்து நாலைந்து இரும்புப் படி இறங்கினால் கீழே ரப்பர் படகு. அதில் உட்கார்ந்து கரைக்குப் போக வேண்டும்.

முதல் தீவில், எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் வரிசையாக நின்றபோது நானும் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"கண்டிப்பா சார். ஏற்பாடு பண்ணிட்டு இருக்கோம்," என்றார் கண்டிப்பா.

முதல் படகு போனது. இரண்டாவது போனது. படகுக் கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு பேரிடம் கேட்டேன். "மேலாளர் சாரைக் கேளுங்க," என்றார்கள். மேலாளர் சாரைக் கேட்டேன்.

"அலை கொஞ்சம் பாக்கணும் சார்."

கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

கடைசிப் படகும் போன பிறகு மேல்தளத்தில் எனக்கு நல்ல இடமாகப் பார்த்து நாற்காலியை நிறுத்தினார்கள். முழங்காலுக்குக் கம்பளி போர்த்தினார்கள். சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். "சாருக்குச் சர்க்கரை போடலாமா?" என்று என் மனைவியிடம் கேட்டார்கள். ஆமாம், அவளும் இறங்கவில்லை.

"நீ ஏன் போகல?"

"கல்லும் மண்ணும்தானே. நம்ம தெருவுல இல்லாத கல்லா?"

"போயிட்டு வந்தா என்ன?"

"நான் போயிட்டா இங்க யார் மடியில யாரை உக்கார வெப்பீங்களோன்னு பயமா இருக்கு."

மறுநாள் இரண்டாவது தீவு. "கண்டிப்பா"வுக்கு அன்று நேரம் குறைவு, படகில் ஏதோ சரிபார்க்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாமாம். நான் சண்டை போடவில்லை. என் மனைவியை மட்டும் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தேன்.

அவள் திரும்பி வரும்போது மேல்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ நடித்துக் காட்டியபடி. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் பெருசா இல்லீங்க."

தையல்கடைக்குப் போய்வந்த கதையை ஒரு மணி நேரம் சொல்கிறவள் அவள். கடைக்காரரின் இருமல்கூட அதில் வரும். அன்று சாப்பாட்டு மேஜையில் பல் டாக்டர் போட்டு உடைத்தார். "அந்தப் பறவைங்களுக்கு மனுஷங்கன்னா பயமே இல்ல சார்! ஒண்ணு வந்து உங்க வீட்டம்மா பாதத்து மேலயே ஏறி நின்னுச்சு. அவங்க சிலையா நிக்கிறாங்க, கண்ணுல தண்ணி வழியுது சிரிப்புல."

என் மனைவி அவரை முறைத்தாள். நான் சூப்பைக் குடித்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து இவள் கொஞ்சம் வாயை மூடமாட்டாளா என்று ஏங்கியவன் நான். இப்போது என் பொருட்டு மூடப் பழகுகிறாள். எனக்கு அது வேண்டாம். ஒரு பறவை காலில் ஏறி நின்றதை என்னிடம் மறைக்கிற மனைவியோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது? பறவையைப் பார்க்காதது பெரிய விஷயமில்லை. அவள் இனி என்னிடம் எதையெல்லாம் சொல்லாமல் விடுவாள் என்பதுதான் என்னை அறுத்தது.

மூன்றாவது தீவு கடைசித் தீவு. அதற்கப்புறம் நேராக வீட்டுப் பாதை.

அன்று காலை எல்லோரும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போதே நான் கீழே போய்விட்டேன். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. படகு கீழே மிதந்துகொண்டிருந்தது. கதவுக்குக் குறுக்கே நாற்காலியை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பிரேக் போட்டேன். இந்த முறை மறக்கவில்லை. ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன்.

வரிசை வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. கண்டிப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் நாற்காலியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நின்றார். பாவம், அனுபவப்பட்டவர்.

"சார், கொஞ்சம் வழி விடறீங்களா?"

"கண்டிப்பா," என்றேன். நகரவில்லை.

"சார்?"

"ஏற்பாடு பண்ணிட்டு இருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். என் மனைவி முன்னால் வந்து குனிந்தாள்.

"என்னங்க இது, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வந்ததிலேர்ந்து யாரும் என்னைப் பாக்கல, உன்னைத்தான் பாத்துப் பேசுறாங்க."

பல் டாக்டர் தோளைத் தொட்டார். "சார், உங்க தைரியத்தை நான் மதிக்கிறேன். ஆனா எல்லாரும் காத்திட்டு இருக்காங்க..."

"டாக்டர், வாயைத் திறன்னா திறக்கிறவங்களையே பாத்துப் பழகிட்டீங்க. நான் வழியைத் திறக்கிறதா இல்ல."

வெளியே சொல்லவில்லை, உள்ளே உதறல்தான். இத்தனை பேரின் ஒரு நாளைக் கெடுக்கிறோமே என்று காது சூடானது. ஒரு குழந்தையாவது "தள்ளுங்க தாத்தா" என்றிருந்தால் அந்த நிமிஷமே தள்ளியிருப்பேன். நல்லவேளை, கப்பலில் குழந்தைகள் இல்லை.

"சார், நீங்க புரிஞ்சுக்கணும்," என்றார் கண்டிப்பா. "காப்பீடு விஷயம் ஒண்ணு இருக்கு. அப்புறம் நேரம். எல்லாத்துக்கும் மேல, பாதுகாப்பு..."

அந்தச் சொல்லைக் கேட்டதும் வரிசையே சிரித்தது. அவருக்கு முகம் சிவந்தது.

"அலை இருக்கா?" என்றேன்.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். இல்லை.

"ஆள் இல்லையா?"

எல்லோரும் கயிறு பிடித்த இரண்டு பேரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பீரோவைத் தனியாக மாடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

"அப்ப முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சத்தம் போடாம நான் மேல போய் கம்பளியைப் போத்திக்கிறேன்."

"முடியாதுன்னு நான் சொல்லவே இல்லையே சார்."

"அப்ப முடியுமா?"

"அதைத்தான் பாத்துட்டு..."

"ஏம்பா," என்றாள் என் மனைவி.

அவள் குரல் மாறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் போட்டாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கதவில் மிச்சமிருந்த இடைவெளியையும் அடைத்து நின்றாள்.

"முடியும், முடியாது. ரெண்டுல ஒண்ணைச் சொல்றதுக்கு உனக்கு என்ன வலிக்குது? இவர் பேசினாலே ஊரு ரெண்டுபடும், அது எனக்குத் தெரியும். ஆனா இவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வர்றதுக்கு முன்னாடியே கேட்டாரு. இப்ப நானும் கேக்கறேன். பதில் வராம இந்த வழியா ஒரு ஈ போகாது."

இத்தனை வருஷத்தில் என் பக்கம் நின்று அவள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது.

"அவங்க கேக்கறது நியாயம்தானே," என்று வரிசையிலிருந்து ஒரு அம்மா சொன்னார். "ஆமா, சொல்லிடுங்க," என்றார் இன்னொருவர். பல் டாக்டரும் தன் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். கூட்டம் வழிவிட்டது.

கேப்டனை அதுவரை எனக்கு ஒலிபெருக்கிக் குரலாக மட்டும்தான் தெரியும். நேரில், என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கத்தரித்த நரைமுடி, கையில் பாதி குடித்த காப்பி. மற்றவர்கள் மாதிரி என்மேல் குனிந்து நிற்கவில்லை. ஜாக்கெட்டுகள் வைக்கிற பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். கண்ணுக்குக் கண் நேராக.

"சொல்லுங்க," என்றார்.

அறையில் மூன்று தடவை ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. உரிமை, கண்ணியம் எல்லாம் அதில் வரும். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"நான் இறங்கணும்," என்றேன். "முடியாதுன்னா முடியாது. சண்டைக்கு வரல. ஆனா கண்டிப்பாங்கறாங்க, ஏற்பாடுங்கறாங்க, அலைங்கறாங்க. என்னன்னே தெரியாம மேல உக்காந்து என் வீட்டம்மா சிரிக்கறதைத் தூரத்திலேர்ந்து பாத்துட்டு இருக்கேன். ஏன் என்னை இழுத்தடிக்கறீங்க? எனக்கு ஒரு நேரான பதில் போதும்."

கேப்டன் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தன் ஷூவைப் பார்த்தார். கயிற்றுக்காரர்கள் இருவரும் கயிற்றைப் பார்த்தார்கள். கேப்டன் காப்பியைத் தரையில் வைத்தார். முழங்காலில் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"படகு தாங்கும்," என்றார். "கடலும் இன்னைக்கு நல்லா இருக்கு. இவங்க ரெண்டு பேரும் உங்களை மாதிரி ரெண்டு மடங்கு ஆளைத் தூக்குவாங்க. காப்பீடு, நேரம், அதெல்லாம் சும்மா." என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களை எங்க பிடிச்சுத் தூக்கணும்னு எங்க யாருக்கும் தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு. எங்கயாவது தப்பாப் பிடிச்சு வலிச்சுடுமோன்னு தொடவே பயம். இவங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்."

"அக்குளுக்கடியில ஒருத்தர், முழங்காலுக்கடியில ஒருத்தர்," என்று கயிற்றுக்காரர்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தேன், "வாங்க, சொல்லித் தர்றேன்."