பன்னிரண்டு பெட்டியிலும் சாம்பல்

இரண்டாயிரத்து ஒன்று, பிப்ரவரி மாதத்துக் கடைசி புதன்கிழமை. மும்பையிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில், மோஷியில் இருந்த எங்கள் பேக்கிங் கூடத்திலிருந்து முதன்முதலாகக் கறுப்புத் திராட்சை கப்பலேறப் போகிற நாள். மொத்தம் இருநூற்று நாற்பது பெட்டி. காலை பத்தரைக்கெல்லாம் அதில் மாதிரிக்குப் பன்னிரண்டைப் பிரித்துப் பார்த்து, பன்னிரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படிப்பட்ட பழம்!

பழத்தின் ருசியைப் பார்ப்பது என் வேலை இல்லை. தோலைப் பார்ப்பதுதான் வேலை. திராட்சை மேல் இயற்கையாகவே மங்கலாக ஒரு வெண்பூச்சு படிந்திருக்கும், ப்ளூம் என்போம். விரல் பட்டால் அது போய்விடும். போனால், இது பலர் கை பட்ட பழம் என்று வெளிநாட்டுக்காரன் ஒதுக்கிவிடுவான். அதனால் கொத்தைக் காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கீறல், வெடிப்பு, வெயில் சுட்ட தழும்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பல் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நோய் ஒரு பெட்டியில் இருந்தால் கப்பல் போய்ச் சேருவதற்குள் பத்துப் பெட்டிக்குப் பரவிவிடும்.

அன்றைக்குப் பழத்தை மட்டுமல்ல, என்னையும் சேர்த்துத்தான் சோதிக்க வந்தார்கள். வாங்குகிறவர்களின் ஆளாக மும்பையிலிருந்து சூர்யநாராயணன் வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால், அடுத்த லோடிலிருந்து ஹெலினா என்ற என் ஒரு கையெழுத்திலேயே பெட்டி கப்பலுக்குப் போகும். இல்லையென்றால் அந்த வேலைக்கு மும்பையிலிருந்தே ஓர் ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆறு வருஷமாக நான் காத்திருந்த கையெழுத்து அது.

பதினொரு மணிக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், இஸ்திரி கலையாத சட்டை. நான் பார்த்து முடித்த பெட்டிகளில் ஒன்றைத் திறந்தார். லென்ஸை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"மேடம், இது என்னது?"

நான் எட்டிப் பார்த்தேன். மேலே இருந்த கொத்தில் மூன்று பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி. அரை மணிக்கு முன்னால் நானே பார்த்த பெட்டி. அப்போது ஒன்றுமே இல்லை.

"சாம்பல் நோய் மாதிரி இருக்கே. அச்சா, அடுத்த பெட்டி திறங்க."

அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அவர் பையைத் திறந்து, லோடைத் திருப்பி அனுப்புகிற சிவப்பு முத்திரையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி மகாதேவன் சார் உள்ளே வந்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு ஏற்றுமதியில் இறங்கியவர். நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி. காலையில் பூஜை போட்டிருந்தார், கூடம் முழுக்கக் கற்பூர வாசனை. எனக்குப் பொறி தட்டியது. அடக்கிக்கொள்ளத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஹெலினா?

"சார், திருநீறைக் கொண்டாந்து பழத்து மேல தூவிட்டீங்களா? முதல் லோடுன்னு பக்தி பொங்கிட்டோ? இது மேல விரலே படக்கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிடுதேன்!"

அட்டை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மகாதேவன் சார் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, என்ன பேசறே நீ? பூஜையை ஆபீஸ் ரூம்லன்னா பண்ணினேன். கார்த்தாலேர்ந்து இந்தப் பக்கமே நான் வரலையே!"

"அப்ப சாம்பல் வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

அவரோடு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம், முதலில் பழத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. காம்பைப் பிடித்துக் கொத்தைத் தூக்கினேன். சூர்யநாராயணன் கண் முன்னாலேயே அந்தப் புள்ளி மேல் ஊதினேன். புள்ளி பறந்து போய்விட்டது. அடியில் வெண்பூச்சு கலையாமல் அப்படியே இருந்தது. நோயாக இருந்தால் ஊதினால் போகாது. தேய்த்து எடுத்தாலும் அடியில் தோல் பழுப்பாக வலை வலையாக வெந்திருக்கும்.

"பாருங்க! நோயே இல்ல!" என்று கத்தினேன். இரண்டு பெண்கள் கை தட்டினார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "நோய் இல்லைன்னா சரி. ஆனா சாம்பல் எப்படி வந்தது? எல்லாப் பெட்டியிலும் இருந்தா நான் எப்படி அனுப்பறது?" என்றார். நான் பார்க்காத பெட்டிகளிலிருந்து முப்பத்தொன்றாம் நம்பரையும் எழுபத்தேழாம் நம்பரையும் அவரே எடுத்துப் பிரித்தார். இரண்டிலும் ஒரு புள்ளி இல்லை. பிறகு நான் கையெழுத்துப் போட்டதில் மீதி இருந்த ஒன்பதையும் வரிசையாகத் திறந்தார். ஒன்பதிலும் சாம்பல்.

நான் பார்த்த பெட்டியில் மட்டும்.

என்னடா இது என்று சீட்டைப் பார்க்கக் குனிந்தேன். வெள்ளைத் தாள் மேல் என் கண் எதிரிலேயே ஒரு சாம்பல் துணுக்கு வந்து விழுந்தது.

மகாதேவன் சார்தான் மெல்லக் கேட்டார். "ஹெலினா, இன்னிக்கு உங்களவாளுக்கு என்ன விசேஷம்?"

சாம்பல் புதன். காலை ஆறு மணிக்குக் கிர்க்கி சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, பாதிரியார் நெற்றியில் சாம்பலால் போட்ட சிலுவையோடு அப்படியே பஸ் பிடித்து வந்தவள் நான். அந்தச் சாம்பலை நாமாகத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கூடத்தில் தலைக்கு மாட்டும் தொப்பியின் ரப்பர் நெற்றியில் உரச உரச, லென்ஸோடு குனிகிற ஒவ்வொரு பெட்டியிலும் அது உதிர்ந்திருக்கிறது. அன்றைக்கு ஒருசந்தி வேறு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், எனக்கு முதலில் பறந்தது புத்தி.

வெட்கம் பிடுங்கித் தின்றது. "சார், என்னை மன்னிச்சிருங்க. அத்தனை பேர் முன்னால உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றேன்.

"அது கெடக்கட்டும். முதல்ல மூஞ்சிய அலம்பிண்டு வா" என்றார் மகாதேவன் சார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குழாயடியில் ஒரு நிமிஷம் தயங்கினேன். ஆண்டவரே, பொறுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது சூர்யநாராயணன் பன்னிரண்டு பெட்டியையும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். "இது போகாது. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். 'சோதித்தவரின் நெற்றிச் சாம்பல்' என்று எழுதிப் போட்டேன். "இப்ப புதுசா பன்னிரண்டு. என் முன்னாலயே பாருங்க. ஒரு பெட்டி பழுதுன்னா அதை மட்டும் எடுத்துடலாம். ரெண்டு பழுதுன்னா லோடு திரும்பிடும்."

"நீங்க தெறந்த ரெண்டையும் இதுல சேத்துக்கிடுதேன்" என்றேன்.

"அதான் நான் பாத்தாச்சே."

"நான் பாக்கலயே."

முப்பத்தொன்று சுத்தம். அடுத்த இரண்டும் சுத்தம். நான்காவதாக எழுபத்தேழு. கொத்தைக் காம்போடு தூக்கி மெல்லத் திருப்பினேன். அடிப்பக்கம், காம்புக்கு உள்ளடங்கி, ஒரே ஒரு பழம். ஊதினேன். போகவில்லை.

சும்மா கீழே வைத்திருக்கலாம். அவரே சரி என்று சொல்லிவிட்ட பெட்டி, யாரும் கேட்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு எந்த நாளும் வந்ததில்லை.

"இது பழுது சார்."

"எங்க?" லென்ஸை வாங்கிப் பார்த்தார். "ப்ளூம்தானே?"

கத்தரியால் அந்த ஒரு பழத்தை மட்டும் நறுக்கி எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்து அவர் கையில் வைத்தேன். பழுப்பு வலை. அவர் அதை லென்ஸுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார்.

"அரே... நான் மேலாகத்தான் பாத்தேன்" என்றார்.

எழுபத்தேழை நானே தூக்கி ஓரத்தில் வைத்தேன். இனி ஒன்று கெட்டாலும் எல்லாம் திரும்பிவிடும். மீதி எட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு. மகாதேவன் சார் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது பெட்டியில் கடைசிக் கொத்தையும் திருப்பி வைத்தேன். ஒரு குறை இல்லை!

சூர்யநாராயணன் சிவப்பு முத்திரையைப் பைக்குள் போட்டார். பச்சையை எடுத்துத் தாளில் குத்தினார். பிறகு அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"அடுத்த லோடுலேர்ந்துன்னுதானே சார் பேச்சு?" என்றேன்.

"எழுபத்தேழை நான் பாஸ் பண்ணினேன் மேடம். இதுல நான் எப்படிப் போடறது? நீங்க போடுங்க."