போன் அடிக்காத வரைக்கும்

என் தம்பி லோவெல் காலையிலிருந்து சமையலறை மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. எதிரே அவன் போன் சத்தமில்லாமல் கிடந்தது. அது அடிக்கக் கூடாது என்பதுதான் அன்றைய வேண்டுதல்.

அதிபர் வேட்பாளரான அந்த அம்மாள் துணை அதிபர் பதவிக்குத் தன்னோடு யாரை நிறுத்தப் போகிறார் என்று நாடே ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. மினசோட்டா செனட்டரான என் தம்பியின் பேரும் அடிபட்டது. எங்கள் புல்வெளி ஓரம் டிவி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நான் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனால், 'செனட்டரின் அக்கா வீட்டைச் சுத்தம் செய்கிறார், இன்றே அறிவிப்பு வரலாம்' என்று ஒருத்தி மைக்கில் சொன்னாள். அன்று குப்பை வண்டி வரும் நாள், அவ்வளவுதான்.

பெரிய ஜோசியன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். லோவெலின் உதவியாளன் க்ரெக்.

"சார், வேண்டாம்னு முடிவு பண்ணவங்களுக்குத்தான் முதல்ல போன் போடுவாங்க. டிவி பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை. எடுத்துக்கப் போற ஆளுக்குக் கடைசியாத்தான் வரும். ஒஹாயோ கவர்னருக்குக் காலையிலயே வந்துடுச்சு. நமக்கு இன்னும் வரல!"

"பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு உட்கார வெச்ச மாதிரி வெச்சிருக்கியே, அவன் ஏதாவது சாப்பிட்டானா?" என்றேன். உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து அவனுக்காகச் செய்த ஹாட் டிஷ் ஆறிக் கட்டியாகிவிட்டிருந்தது.

எனக்கு ஒரே கவலை. லோவெலை நினைத்து அல்ல, அவன் மகள் பிரிட்டாவை நினைத்து. தாயில்லாப் பெண். போன குளிர்காலத்தில் அவள் நார்வேயில் படிக்கப் போனதாக ஊருக்குச் சொல்லியிருந்தோம். உண்மையில் மனநல மருத்துவமனையில் இருந்தாள். வாழப் பிடிக்கவில்லை என்று அழுதவளை நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். என்ன நடந்தது என்று லோவெல் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் வேட்பாளரின் வக்கீல்கள் வந்து குடும்பத்தைத் துருவியபோது அவர்களிடம் சொன்னான். வக்கீல்கள் வாய் திறக்க மாட்டார்கள், சரி. பேர் அறிவித்த பிறகு பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

சாயங்காலம், பேர் அடிபட்டவர்களில் மிச்சமிருந்த டெக்சாஸ்காரருக்கும் போன் வந்துவிட்டதாக டிவி சொன்னது. க்ரெக் துள்ளிக் குதித்தான்.

"இனி நாம மட்டும்தான் சார்! கோட்டை மாட்டுங்க!"

மாடிப்படியில் பிரிட்டா நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கதானாப்பா?"

"அப்படித்தான் தெரியுதும்மா."

"அப்ப நாளைக்கு எவனாவது என்னைப் பத்தி எழுதுவான். அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்."

"அதுவும் நல்லதுதான்," என்றான் க்ரெக். "நாமளே சொல்லிட்டா விஷயம் சீக்கிரம் அடங்கிடும்."

"நீ வாயை மூடு!" என்றேன். "லோவெல், போகாதேன்னு சொல்லுடா அவகிட்ட."

லோவெல் மகளைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது எனக்கு.

பிரிட்டா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். மைக்குகள் அவளைச் சூழ்ந்துகொண்டன. கொசுவலைக் கதவு வழியாக அவள் குரல் நன்றாகக் கேட்டது.

"போன குளிர்காலத்துல நான் நார்வேல இல்ல. மனநல ஆஸ்பத்திரியில இருந்தேன். எனக்கு அப்ப..."

அங்கே இருந்த எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. யாரோ ஒரு பேரைக் கத்தினார்கள். எந்த ஜோசியனும் சொல்லாத பேர்; எங்கோ ஒரு நகரத்து மேயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மைக்குகள் இறங்கின, விளக்குகள் அணைந்தன. "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒருத்தி வண்டிக்கு ஓடினாள். சொன்னதைக் கேமராக்கள் வாங்கிக்கொண்டாயிற்று. சொல்ல வந்த மீதியோடு பிரிட்டா புல்வெளியில் தனியாக நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் மேஜையில் போன் அடித்தது. திரையில் வேட்பாளரின் பேர்.

"மேயருக்கு அப்புறமா கூப்பிடறாங்க?" க்ரெக்கின் முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப நம்மள மறந்தே போயிட்டாங்க சார். பரவாயில்ல, எடுங்க. எடுக்கலன்னா தப்பா நினைப்பாங்க. அடுத்த தேர்தல்ல..."

லோவெல் ஜன்னலைப் பார்த்தபடி எழுந்தான். போனை எடுக்கவில்லை. நாற்காலியை இடித்துக்கொண்டு வெளியே ஓடினான். நானும் பின்னாலேயே போனேன்.

பிரிட்டா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"போன் அடிச்ச மாதிரி இருந்துச்சேப்பா. யாரு?"

"ராங் நம்பர்," என்றான் லோவெல். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த மனிதன் புல்லில் அவள் காலடியில் உட்கார்ந்தான். "நீ மீதியைச் சொல்லும்மா. நான் கேக்கறேன்."