தாளில் நடந்து வந்த மாரியாயி

மாரியாயியின் முகம் எந்தப் போட்டோத் தாளிலும் விழவில்லை. 1974 பிப்ரவரியில், பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருந்த அந்தோனிப்பிள்ளை மூன்று முறை அச்சடித்துப் பார்த்து இதை உறுதி செய்துகொண்டார். நெகட்டிவில் மூக்குத்தி வரைக்கும் தெளிவாக இருந்தாள். தாளிலோ அவள் உட்கார்ந்த நாற்காலி விழுந்தது, பின்னால் தொங்கிய திரை விழுந்தது, அவளைத்தான் காணோம். அந்த மாதம் சீனி விலை ஏறியிருந்ததால் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அவள் போர்ட் கிள்ளான் கிடங்கில் பதினோரு வருடமாகச் சாக்குத் தைப்பவள். கையில் இருந்த அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. மாதம் முடிவதற்குள் குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனு கொடுக்காவிட்டால் வேலை இல்லை என்று கிடங்குக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார். படம் இல்லாத மனுவை யார் வாங்குவார்கள்?

நாலாவது முறை அந்தோனிப்பிள்ளை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தாளின் கோடியில் எள்ளளவு ஒரு புள்ளி, சேலை கட்டியிருந்தது. எந்தத் தாளையும் இரண்டு நிமிடத்தில் படம் கழுவும் மருந்திலிருந்து எடுத்துவிடுவது அவர் வழக்கம். விஷயத்தைச் சொன்னபோது மாரியாயி ஆச்சரியப்படவில்லை.

“தூரத்துலேர்ந்து வரேண்ணே. ரெண்டு நிமிஷத்துல எப்படி வந்து சேருவேன்? எடுக்காம விடுங்க. நான் நடந்துருவேன்.”

பளபளப்புத் தாளில் பாதி தூரம் வந்து வழுக்கி மறுபடி கோடிக்கே போனாள். பளபளப்பில்லாத மேட் தாளில் முழங்கால் வரை புதைந்தாள். புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் பூசிய தாள், வெறுங்காலுக்கு நடுப்பகல் தார் ரோடு மாதிரி சுட்டது. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தோனிப்பிள்ளை, பணக்காரக் கல்யாணங்களுக்கென்று பூட்டி வைத்திருந்த சொரசொரப்பான பருத்தித் தாளை எடுத்தார். அதில் அவளுக்குக் கால் பிடித்தது.

திங்கட்கிழமை கிளம்பியவள் மூன்று நாள் நடந்தாள். அவர் இருட்டறையை விட்டு நகராமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தார். விபூதிப் புதனன்றுகூட மாதா கோயிலுக்குப் போகவில்லை. அதே மூன்று நாளும் போர்ட் கிள்ளானில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மாரியாயிக்குக் கால் வீங்கியது. அவள் தையலை நிறுத்தவில்லை. புதன் மாலை முகம் தாளை நிறைத்தது. அந்தோனிப்பிள்ளை அழுதுவிட்டார்; மருந்து நெடி என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

வியாழன், மாதத்தின் கடைசி நாள். ஐசி அலுவலகக் கவுண்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி படத்தைப் பார்த்தார். படத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மனுவில் முத்திரை குத்திவிட்டு எழுந்து போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“டுடோக் லா, காக்,” என்று மலாயில் அக்கா முறை வைத்து உட்காரச் சொன்னார்.

மாரியாயி உட்கார்ந்தாள்.