இரண்டாவது வட்டம்

நீலவ்வா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலை அவள் புருஷன் ஈரப்பா, பச்சை இல்கல் சேலையோடும் உறவில் இரண்டு பெரியவர்களோடும் தார்வாடில் உள்ள மாமனார் வீட்டுக்கு வந்தான். சேலை அவள் தங்கை கிரிஜாவுக்கு.

ஈரப்பா, கிரிஜாவின் அம்மா சாந்தவ்வாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. மூத்தவள் போனால் அந்த இடத்துக்கு இளையவள் போக வேண்டும் என்பது வழக்கம். அப்பா மல்லப்பா தேதி குறித்துவிட்டார். மானுடவியல் படித்த இரண்டு வருஷம் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

கிரிஜா மறுத்துப் பேசவில்லை. கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய வம்ச வரைபடத்தை மட்டும் முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு, கூடத்தில் தாளை விரித்தாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் குறுக்கே ஒரு கோடு.

ஈரப்பா எட்டிப் பார்த்தான். "இதுல நான் எங்கடி?"

காட்டினாள். பக்கத்தில் கோடு விழுந்த வட்டம்.

"சுலபமாப் போச்சு. என்னை அழிக்கவே வேண்டாம். பக்கத்துல இன்னொரு வட்டம் போடு, உன் படிப்பு முடிஞ்சுது."

பெரியவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கிரிஜா பென்சிலால் இன்னொரு வட்டம் போட்டாள்.

இறந்தவர் எப்படி இறந்தார் என்றும் எழுத வேண்டும். தெரிந்ததை எழுதாதே, கேட்டதை எழுது, சொன்னவர் பெயரைப் போடு என்பது பேராசிரியை சொன்ன விதி. கேட்டாள். காய்ச்சல் என்றார் அப்பா. வயிற்றுவலி என்றான் ஈரப்பா. இரண்டையும் எழுதி, தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினாள். சிரிப்பு நின்றது.

சாந்தவ்வா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இந்தப் பத்தொன்பது நாளில் ஈரப்பா எத்தனை முறை வந்தபோதும், அவள் தம்பிக்குத் தன் கையால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கிரிஜா மட்டும் அதைக் கவனித்திருந்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியில கடைசிவரைக்கும் நீதான் கூட இருந்தே. நீ சொல்லு."

"அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே போ" என்றார் மல்லப்பா.

சாந்தவ்வா போகவில்லை. வந்து தாளுக்கு அருகில் குந்தினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பென்சில் வட்டத்தின்மேல் விரல் வைத்தாள்.

"இது யாரு?"

"நான்மா."

விரலை எடுத்தபோது வட்டத்தில் மாவு ஒட்டியிருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதிக்கோ. நீலாவுக்கு மூணு மாசம். ரொட்டி கருகிடுச்சுன்னு இவன் வயித்துல உதைச்சான். சாகும்போது அவளே சொன்னா. தம்பியாச்சேன்னு, காய்ச்சல்னு முதல்ல சொன்னது நான்தான். அதையும் எழுது."