மூளையைப் பற்றி வந்த கடிதம்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாகச் சொல்கிறாள். அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. அறிவிப்பாளர் ‘இன்டெலிஜிபிள்’ இல்லை என்று பயணிகள் புகாராம்.

காது மடல் சூடேற, டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் போனாள்.

“பாரு, என்னை முட்டாள்னு எழுதியிருக்காங்க!”

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “ஆமா அண்ணி, இன்டெலிஜென்ட் இல்லைன்னுதான் போட்டிருக்கு. ஸ்பெல்லிங்தான் கொஞ்சம் இழுவையா இருக்கு.”

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடியவள், சான்றிதழ் கோப்போடு மேலாளர் முன்னால் வந்து நின்றாள். மதிப்பெண் பட்டியல், தட்டச்சுச் சான்றிதழ், பட்டம், ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் வாங்கிய முதல் பரிசு எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள்.

“சொல்லுங்க சார். இதெல்லாம் மூளை இல்லாதவ வாங்கினதா?”

கடிதத்தைப் படித்த மேலாளர் சிரிப்பை இருமலாக்கினார். “மேடம், இது வேற வார்த்தை. கேக்கறவங்களுக்குப் புரிஞ்சா இன்டெலிஜிபிள். என் மச்சான் இருக்கானே, படு கெட்டிக்காரன், இன்டெலிஜென்ட். போன வாரம் பல்லைப் பிடுங்கிட்டு வந்து பேசினான் பாருங்க, ஒரு வார்த்தை இன்டெலிஜிபிளா இல்லை.”

அவள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “புரியலைங்கறதைச் சொல்ல இப்படிப் புரியாத வார்த்தையா சார் போடுவாங்க?”

மேலாளர் சான்றிதழ்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்குக் கோபம் போய், தன் அறிவிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தே பேசியவள், வெளியே நின்று ஒருநாளும் கேட்டதில்லை. நாத்தனாரை மைக் முன்னால் உட்காரவைத்துவிட்டு ஆறாவது நடைமேடையின் கடைசிக்குப் போனாள். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ சண்டை போடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

பெட்டியோடு நின்றவர் கேட்டார்: “என்னம்மா சொல்றாங்க?”

“தெரியலையே...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். நாலு மாதத்துக்கு முன் வெள்ளையடித்தவர்கள், சுண்ணாம்பு தெறிக்காமலிருக்க ஒலிபெருக்கியின் வாயைப் பாலித்தீன் பையால் கட்டியிருந்தார்கள். அவிழ்க்க மறந்துபோயிருந்தார்கள். ஒன்றல்ல, ஆறும் அப்படியே. எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஒவ்வொன்றாக அறுத்து எறிந்தார்.

பழி முழுவதும் பைமேல் விழுந்துவிட்டதென்று அவள் நிம்மதியாக மைக்கில் அடுத்த அறிவிப்பைச் சொன்னாள். மேலாளர் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து போட்டுக்காட்டினார். ஊர்ப்பெயர்களின் கடைசி எழுத்தை எல்லாம் அவளே விழுங்கியிருந்தாள், பின்னால் யாரோ துரத்துவதுபோல. அன்று மாலையிலிருந்து நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்.

மறுநாள் தினசரிப் பயணி ஒருவர் கண்ணாடிக் கதவைத் தட்டி எட்டிப்பார்த்தார்.

“நீங்கதான் சொல்றதாம்மா? இப்ப அட்சரம் அட்சரமா விழுது. நான் இந்த ஊருக்கு வந்து மூணு மாசம் ஆச்சு, நேத்து வரைக்கும் யாரோ ஆம்பளைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!”

சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மைக் திறந்திருந்தது. ஆறு நடைமேடைக்கும் அது தெளிவாகக் கேட்டது.