ஆணியடிக்காத குடித்தனம்

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் எந்த வாடகை வீட்டுச் சுவரிலும் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. எப்படியும் காலி செய்யப்போகிற வீட்டுக்கு அலங்காரம் ஒரு கேடா? அவளுடைய புத்தகங்கள் அட்டைப் பெட்டிகளிலேயே கிடந்தன. தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். தெருவில் டாக்டரம்மா என்பார்கள். காய்ச்சல் என்றால் மாத்திரை கேட்டும் வந்து நிற்பார்கள். பட்டத்துக்கு என்ன குறைச்சல்? வேலைதான் போன கல்லூரியிலெல்லாம் தற்காலிகம். படித்தவளை இப்படிப் பந்தாடுகிறார்களே, இவர்களெல்லாம் நன்றாக இருப்பார்களா?

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராக அவள் பின்னால் வந்தவனுக்குக் கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. அப்பாடா என்று இருவரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அந்த ஊரில் எந்தக் கல்லூரியும் அவளை எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்து இருந்து, தான் படித்ததெல்லாம் தண்டமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்போதுதான் வேறோர் ஊர்க் கல்லூரியின் துறைத் தலைவர் போன் செய்து, வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? பிள்ளைகள் சேர்ந்தால்தான் வகுப்பு. வகுப்பு நடந்தால்தான் வேலை. ஆனால் நிரந்தரமா என்று கணவன் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவன் கிளம்ப மாட்டான், நியாயமும் அதுதான். அன்றைக்கு அவளுக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. அவன் மறுபேச்சில்லாமல் வேலையை விட்டான். அவன் இடத்துக்கு உடனே வேறொருவனை எடுத்துவிட்டார்கள்.

புது வீட்டில் சாமான் இறக்கிய கையோடு அவன் வீட்டுக்காரரை நைச்சியமாகப் பேசிச் சம்மதிக்க வைத்து, அவள் புத்தகங்களுக்காகச் சுவரில் அலமாரிப் பலகை மாட்ட ஆரம்பித்தான். முக்காலியில் ஏறித் துளை போட்டபடி என்னவோ பாட்டு வேறு. அவள் போன் அடித்தது. துறைத் தலைவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: பிள்ளைகள் சேரவில்லை, இந்த வருஷம் அந்தப் பிரிவே நடக்காது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

"இன்னும் ரெண்டு ஓட்டைதான். நீ பெட்டியைப் பிரி," என்றான் அவன்.

"போதும், இறங்குங்க."

"ஏன், சுவர் விரிசல் விடுதா?"

"வேலை இல்லைன்னுட்டாங்க. அது நிரந்தரமும் இல்லை. எனக்கு அப்பவே தெரியும்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவன் டிரில்லின் முனையில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூளை ஊதித் தள்ளினான்.

ஆஸ்பத்திரியில் மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்றாள். அங்கேதான் ஆள் எடுத்தாகிவிட்டதே என்றான் அவன்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, மீதி இரண்டு துளைகளையும் போட்டான். பலகையை முடுக்கினான். இறங்கி வந்து, பெட்டியை அவனே கிழித்துத் திறந்தான்.

"அடுக்கலாம்," என்றான். "இனிமே போறதுக்கு எந்த ஊர் இருக்கு?"

அவள் அழுதுகொண்டே ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கி அடுக்கினான்.